டிசம்பர் 25 வேதத்தில் இல்லை. பிறகு எதற்கு ஸ்டார் கட்டுகிறோம்?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு வருஷமாக வேறொரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறாராம். அங்கே கிறிஸ்துமஸ் புறஜாதியாரின் சூரியப் பண்டிகை, கொண்டாடினால் பாவம் என்று போதிக்கிறார்கள். அம்மா பழைய சபையிலேயே இருக்கிறார். அப்பா இறந்த பிறகு வீட்டில் ஸ்டார் கட்டுவது இவர் வேலை. போன வருஷம் முடியாது என்று சொல்லிவிட்டார். அம்மா தானே ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டியிருக்கிறார். அதிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. கடைசியில் ஒரு வரி: "சுனாமி வந்ததே இந்தப் பண்டிகைக்குக் கர்த்தர் கொடுத்த தண்டனை என்று ஒரு போதகர் சொன்னார். உண்மையா ஐயா?"

தம்பி, உனக்கு என் பேரன் வயது இருக்கும். உரிமையோடு நீ என்றே எழுதுகிறேன். ஊழியத்தில் 41 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். உன் கேள்வியில் மூன்று கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. தேதியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் சுலபம்.

இயேசு பிறந்த தேதி வேதத்தில் இல்லை. மாதமும் இல்லை. உன் போதகர் சொல்வது சரி. நான் பிரசங்க பீடத்திலேயே பலமுறை சொன்னதுதான். கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து என்ற திருச்சபை ஆசிரியர் எழுதும்போது, சிலர் நம் மே 20-க்கு இணையான நாளைச் சொல்கிறார்கள், சிலர் ஏப்ரலில் ஒரு நாளைச் சொல்கிறார்கள் என்று பட்டியல் போடுகிறார். அதில் டிசம்பர் 25 இல்லை. ரோமாபுரியில் 354-ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி இன்று நம்மிடம் இருக்கிறது. அதற்குள் 336-ஆம் ஆண்டு வாக்கிலான பட்டியல் ஒன்று. அதில்தான் முதல்முறையாக டிசம்பர் 25-ல் கிறிஸ்து யூதேயாவின் பெத்லகேமில் பிறந்தார் என்று பார்க்கிறோம்.

அதே தொகுப்பின் வேறொரு பக்கத்தில் அதே நாளுக்கு "வெல்லப்படாதவரின் பிறந்தநாள்" என்றும், அன்று 30 தேரோட்டப் பந்தயங்கள் என்றும் இருக்கிறது. அந்த "வெல்லப்படாதவர்" சூரியன் என்பதே பொதுவான கருத்து. உன் போதகர் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஆனால் கவனி: இரண்டும் ஒரே தொகுப்பில் இருக்கின்றன. யார் யாரைப் பார்த்து எடுத்தார்கள் என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவுரேலியன் என்ற ரோமப் பேரரசன் 274-ல் சூரியனுக்குக் கோவில் கட்டியது உண்மை. அதை டிசம்பர் 25-ல்தான் திறந்தான் என்று அந்தக் காலத்து எழுத்து எதிலும் இல்லை. பிற்காலத்தவர் கூட்டிக் கழித்துச் சொல்வது. சாத்தர்னாலியா என்று இன்னொரு பண்டிகையின் பெயரையும் சொல்லியிருப்பார்கள். அது டிசம்பர் 17-ல் தொடங்கி 23-ல் முடிந்துவிடும். வேதத்தில் வரும் நிம்ரோத் பிறந்த நாள் டிசம்பர் 25 என்றும் சிலர் சொல்வார்கள், அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆதியாகமம் 10-ஐ எடுத்துப் பார், நிம்ரோத் வேட்டைக்காரன் என்று இருக்கும். பிறந்தநாள் எங்கே இருக்கிறது?

இன்னொரு விளக்கம் உண்டு. எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் நிரூபணம் ஆனது என்று சொல்ல மாட்டேன். இயேசு சிலுவையில் மரித்த நாள் மார்ச் 25 என்று 200 வாக்கிலேயே தெர்த்துல்லியன் என்ற திருச்சபை எழுத்தாளர் எழுதியிருக்கிறார். எந்த நாளில் மரித்தாரோ அதே நாளில்தான் கர்ப்பத்தில் உருவானார் என்று பிற்காலத்து ஆயர் அகுஸ்தீன் எழுதுகிறார். மார்ச் 25-லிருந்து ஒன்பது மாதம் எண்ணிப் பார், டிசம்பர் 25. கிழக்கே சிலர் மரண நாளை ஏப்ரல் 6 என்று வைத்தார்கள். அதிலிருந்து எண்ணினால் ஜனவரி 6. அர்மேனியத் திருச்சபை இன்றுவரை அன்றுதான் பிறப்பைக் கொண்டாடுகிறது. இந்தக் கணக்கு சரியென்றால், கிறிஸ்துமஸ் தேதி சூரியனைப் பார்த்து வைத்தது இல்லை, சிலுவையைப் பார்த்து வைத்தது. இதை மனதில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

சரி, சூரியப் பண்டிகையிலிருந்தே எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதனால் தீட்டாகிவிடுமா? நீ எந்தக் கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போகிறாய்? ஞாயிறு. ஞாயிறு என்றால் தமிழில் என்ன, தம்பி? சூரியன். வாராவாரம் சூரியன் பெயர் வைத்த நாளில் ஆராதனை செய்கிறாய், உன் போதகர் ஒன்றும் சொல்லவில்லை. மல்கியா தீர்க்கதரிசி கர்த்தருக்குப் பயந்தவர்கள்மேல் "நீதியின் சூரியன் உதிக்கும்" என்று சொல்லக் கூசவில்லை.

நாம் ஜெபிக்கிற தமிழையே எடுத்துக்கொள். வேதம், தேவன், பண்டிகை. இவற்றில் எந்தச் சொல் கிறிஸ்தவர்கள் கையில் புத்தம்புதிதாகப் பிறந்தது? எல்லாம் இந்த மண்ணில் பலர் வாயில் புழங்கி, பிறகு நம்மிடம் வந்தவை. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த மிஷனெரி சீகன்பால்க் முதல் எல்லா மொழிபெயர்ப்பாளர்களும் கடவுளுக்கு எந்தச் சொல் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவருக்குப் பின் வந்த மிஷனெரி பப்ரீசியஸ் பராபரன் என்றார். பிறகு வந்தவர்கள் தேவன் என்றார்கள். கத்தோலிக்கர் வெகுகாலம் சர்வேசுரன் என்றார்கள். எதுவும் வானத்திலிருந்து இறங்கிய சொல் இல்லை.

நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது, பிரெஞ்சுக் கவர்னர் மாளிகையில் இருந்த அச்சு இயந்திரத்தைக் கொள்ளைப் பொருளாகச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். கிழக்கிந்தியக் கும்பினிக்கு அதை ஓட்ட ஆள் இல்லை. வேப்பேரியில் இருந்த பப்ரீசியஸிடம் கொடுத்தார்கள், கும்பினி வேலை வந்தால் அதை முதலில் அடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வேப்பேரி அச்சகம் அப்படித் தொடங்கியதுதான். பப்ரீசியஸின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கிருந்து 1772-ல் வந்தது. போரில் பிடுங்கிய இயந்திரத்தால் எழும்பிய அச்சகம். மூலம் பார்த்துத்தான் ஏற்பேன் என்று அன்று யாராவது அடம்பிடித்திருந்தால்?

வசனங்களுக்கு வருகிறேன். எரேமியா 10-ல் மரத்தை வெட்டி வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிக்கிறார்கள் என்று வருவதைக் கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். அடுத்த வசனத்தையும் வாசி: "பேசமாட்டாதவைகள், சுமக்கப்படவேண்டியவைகள்." தச்சன் செதுக்கிய விக்கிரகத்தைச் சொல்கிறார். உன் அம்மா ஸ்டாரைக் கும்பிடுகிறாரா? இல்லை அல்லவா, அதோடு விடு. கலாத்தியர் 4:10, "நாட்களையும், மாதங்களையும், காலங்களையும், வருஷங்களையும் பார்க்கிறீர்களே." நாள் பார்த்தால்தான் தேவனுக்கு முன் நீதிமான் ஆவோம் என்று நம்புகிறவர்களைப் பவுல் கடிகிறார். கிறிஸ்துமஸ் கொண்டாடினால் பாவம் என்பவரும் நாள் பார்க்கிறவர்தான். அதே பவுல் ரோமர் 14-ல், நாளை விசேஷித்துக்கொள்கிறவனும் கர்த்தருக்கென்று செய்கிறான், விசேஷித்துக்கொள்ளாதவனும் கர்த்தருக்கென்று செய்கிறான் என்று இருவரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கிறார். நீ கொண்டாடாமல் இருக்கலாம். அம்மாவைக் குற்றப்படுத்த உனக்கு உரிமை இல்லை. அம்மாவுக்கும் உன்னைக் குற்றப்படுத்த உரிமை இல்லை.

மோசே கட்டளையிடாத பண்டிகை கூடாது என்றால் யோவான் 10:22-ஐ என்ன செய்வாய்? "பின்பு எருசலேமிலே தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை வந்தது, மாரிகாலமுமாயிருந்தது." நியாயப்பிரமாணத்தில் இல்லாத பண்டிகை. மக்கபேயர் என்ற யூத வீரர்கள் காலத்தில் தொடங்கியது, விளக்கேற்றும் பண்டிகை, அதுவும் டிசம்பர் வாக்கில். இயேசு அன்று தேவாலயத்தில் உலாவிக்கொண்டிருந்தார் என்று அடுத்த வசனம் சொல்கிறது. விளக்கை அணை என்று சொன்னதாக இல்லை.

இனி உன் போதகர் பக்கம் நின்று ஒரு வார்த்தை. நாம் கொண்டாடும் லட்சணத்தைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது. கடன் வாங்கிப் புடவை, கேக் ஆர்டர், கேரல் ரவுண்ட்ஸில் யார் வீட்டுக்கு முதலில் போவது என்று சண்டை, பிரியாணி போதவில்லை என்று வருத்தம். கதையைக்கூட நாம் ஒழுங்காகச் சொல்வதில்லை. சண்டே ஸ்கூல் நாடகத்தில் மூன்று ராஜாக்கள் காகிதக் கிரீடத்தோடு, குழந்தை கிடக்கும் தீவனத் தொட்டியான முன்னணைக்கு வருவார்கள். மத்தேயுவில் மூன்று என்ற எண் இல்லை, காணிக்கைதான் மூன்று. ராஜாக்கள் இல்லை, சாஸ்திரிகள். முன்னணைக்கும் வரவில்லை, "வீட்டுக்குள்" பிரவேசித்தார்கள் என்று இருக்கிறது.

"சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்" என்பதை வைத்து ஒரு கல்நெஞ்சக்காரச் சத்திரக்காரனை வேறு நாடகத்தில் படைத்துவிட்டோம். லூக்கா அங்கே எழுதிய கிரேக்கச் சொல் கத்தாலுமா. அதே சொல்தான் 22-ஆம் அதிகாரத்தில் பஸ்கா புசிக்கும் அறைக்கு வருகிறது. அங்கே நம் பைபிள் சத்திரம் என்று போடவில்லை, "தகுதியான இடம்" என்கிறது. நல்ல சமாரியன் கதையில் வரும் சத்திரத்துக்குக் கிரேக்கத்தில் வேறு சொல். ஆக யோசேப்பின் சொந்த ஊரில், யாரோ உறவினர் வீட்டில், விருந்தாளி அறை நிறைந்துவிட்டதால், மாடு கட்டும் பகுதியில் இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கலாம் என்று பல வேத அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்த நாட்டு ஏழை வீடுகளில் இரவில் ஆடுமாடு வீட்டுக்குள்ளேயே நிற்கும். நம் கிராமத்தில் கல்யாணத்துக்கு ஆள் நிறைந்துவிட்டால் தாழ்வாரத்தில் மாட்டை ஓரங்கட்டிவிட்டுப் பாய் விரிப்பார்கள் பார், அப்படி நினைத்துக்கொள். யாரும் விரட்டவில்லை. இடம் இல்லாத வீட்டில் இடம் பண்ணினார்கள். வருஷா வருஷம் சத்திரக்காரனைத் திட்டிப் பிரசங்கம் செய்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் நாங்கள் செய்த பெரிய பிழை அது இல்லை. மத்தேயு 2-ஐ 12-ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டதுதான்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. பல நாட்டுச் சபைகள் பொதுவாகப் பின்பற்றும் மூன்றாண்டு வேதவாசக அட்டவணை ஒன்று உண்டு. அதில் அந்த ஞாயிற்றுக்கு இருந்த சுவிசேஷப் பகுதி மத்தேயு 2:13-23. ஏரோது பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளைக் கொலைசெய்யும் பகுதி. அட்டவணை என் மேசைமேல் இருந்தது. பண்டிகைக்கு மறுநாள், பிள்ளைகள் புதுத்துணியோடு வருவார்கள், கொலைக் கதை எதற்கு என்று நினைத்து, லூக்காவில் மேய்ப்பர்கள் மகிழ்ச்சியாகத் திரும்பிப்போகும் பகுதிக்கு மாற்றிக்கொண்டேன். பாண்டிச்சேரியில் பங்குத்தந்தையாக இருந்த நண்பர் ஒருவர் பிறகு சொன்னார்: அவர்களுக்கு அன்று திருக்குடும்பத் திருவிழா, வாசகம் அதே அதிகாரம்தான், ஆனால் 16 முதல் 18 வரை விட்டுவிட்டுத்தான் அச்சிட்டிருக்கும். பிள்ளைகள் சாகிற மூன்று வசனம் மட்டும் இல்லை.

அன்று காலை ஆராதனை நடுவில் கடல் வந்தது. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று பெயர்கள் வர ஆரம்பித்தன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள். பிள்ளைகளும் பெண்களும் எத்தனை பேர் என்று உனக்கு உன் அம்மா சொல்லியிருப்பார். அடுத்த நாள்களில் பள்ளிக்கூட வகுப்பறைகளில் தங்கியிருந்தவர்களுக்குச் சோறு கொண்டுபோனோம். ஒரு அம்மா, மீனவர் வீட்டுப் பெண், கிறிஸ்தவர் இல்லை, தட்டை வாங்கிக்கொண்டு என் வெள்ளை அங்கியைப் பார்த்தார். "உங்க சாமி பொறந்த மறுநாளே இப்டியா ஐயா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருடைய இளைய பிள்ளை கிடைக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. குழம்பு ஊற்றிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அந்த அட்டவணை ஏதோ முன்னறிவிப்பு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அது பல வருஷம் முன்பே போட்ட அட்டவணை. என் வருத்தமெல்லாம், அந்த அம்மாவுக்குச் சொல்ல ஒரு வார்த்தை என் மேசையிலேயே இருந்தது, அதை நானே ஒதுக்கிவைத்துவிட்டேன் என்பதுதான். "ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது, அவைகள் இல்லாதபடியால் ஆறுதலடையாதிருக்கிறாள்." இயேசுவின் பிறப்புக் கதைக்குள்ளேயே இருக்கிறது இது. ஆறுதலடையாதிருக்கிறாள் என்பதோடு மத்தேயு விட்டுவிடுகிறார், சமாதானம் சொல்லி மூடவில்லை.

பழைய திருச்சபைக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. டிசம்பர் 25-க்கு மறுநாள் 26, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள். 28, ஏரோது கொன்ற பிள்ளைகளின் நாள். கத்தோலிக்கர் மாசில்லாக் குழந்தைகள் திருவிழா என்பார்கள். பிறப்பையும் சாவையும் ஒரே வாரத்தில் வைத்தார்கள். மார்ச் 25 கணக்கை மனதில் வை என்றேனே, அதையும் சேர்த்துப் பார்.

அந்த 18-ஆம் வசனத்தில் ஒரு சொல் இருக்கிறது: "மிகுந்த துக்கங்கொண்டாடலுமாகிய கூக்குரல்." துக்கம் கொண்டாடுவது. இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை, அனுசரிப்பது என்கிறோம். வாலிபர் கூட்டத்தில் இதை வாசித்தால் சிரிப்பார்கள். ஆனால் யோசேப்பு தன் தகப்பன் யாக்கோபுக்கு ஏழுநாள் "துக்கங்கொண்டாடினான்" என்றே ஆதியாகமத்திலும் இருக்கிறது. கொண்டாடு என்றால் கேக் வெட்டுவது மட்டும் இல்லை. உறவு கொண்டாடுகிறோம், சொந்தம் கொண்டாடுகிறோம், உரிமை கொண்டாடுகிறோம். ஒன்றை நமது என்று கையில் எடுத்துக்கொள்வது. கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா என்று நீ கேட்டபோது எனக்கு முதலில் நினைவு வந்தது இந்தச் சொல்தான். தேவன் நம்மோடு உறவு கொண்டாடின நாள் என்று ஒரு நாளை வைத்திருக்கிறோம், தேதி தெரியாமலே. கடலூர்க்காரர்களுக்கு அதே வாரத்தில் துக்கமும் கொண்டாட வேண்டியிருக்கிறது. 26-ஆம் தேதி கடற்கரையில் பால் ஊற்றிப் பூப்போட வருகிறவர்களைப் பார்த்திருப்பாய். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' என்ற புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. மறுநாள் புத்தாண்டு பிறக்கிற வாட்ச் நைட் ஆராதனையை மெழுகுவத்தியில் நடத்தினோம், பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன. இந்த ஊருக்கு டிசம்பர் கடைசி வாரம் எப்போதுமே கலந்துதான் வருகிறது.

சுனாமி தண்டனை என்று சொன்ன போதகருக்குப் பதில் நான் சொல்ல வேண்டியதில்லை. லூக்கா 13-ல் இயேசுவே சொல்லிவிட்டார். "சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேரைக் கொன்றதே. எருசலேமில் குடியிருக்கிற மனுஷரெல்லாரிலும் அவர்கள் குற்றவாளிகளாயிருந்தார்களென்று நினைக்கிறீர்களோ?" அடுத்த வார்த்தை "அப்படியல்ல". சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி பிளந்தது, நம் நேரம் காலை ஆறரை வாக்கில். அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இந்தியப் பெருங்கடலில் அன்று எச்சரிக்கை ஏற்பாடு இல்லை. செத்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்துமஸ் கொண்டாடியவர்களே இல்லை, தம்பி. ஸ்டார் கட்டினவன்மேல் கோபப்பட்டு, ஸ்டாரே கட்டாத குப்பத்துப் பிள்ளையைக் கொல்கிற தேவனை எனக்குத் தெரியாது. அப்படிப் பேசுகிற இடத்தில் எத்தனை நாள் உட்காருவாய் என்று நீயே யோசி. போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஜெபிக்கக் கற்றுக்கொடுத்திருப்பார்கள், வேதம் வாசிக்க வைத்திருப்பார்கள், அது நல்லதுதான்.

இந்த டிசம்பரில் நீ செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 24 ராத்திரி வீட்டு ஜெபத்தில் அம்மா லூக்கா 2 வாசிப்பார். வாசிக்கட்டும், கூட இரு. 28-ஆம் தேதி நீ மத்தேயு 2-ஐ எடு, 18 வரை நிறுத்தாமல் சத்தமாக வாசி. ஏன் இதை வாசிக்கிறாய் என்று அம்மா கேட்டால் 2004-ல் அவர் எங்கே இருந்தார் என்று கேள். சொல்வார். அப்பா அன்று என்ன செய்தார் என்பதும் அதில் வரும் என்று நினைக்கிறேன்.

ஸ்டார் விஷயத்தில் உன் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால் கட்டாதே, வற்புறுத்த மாட்டேன். ஆனால் அம்மா கட்டும்போது போய் ஸ்டூலைப் பிடித்துக்கொள். மழை விட்டிருக்காது, தரை வழுக்கும். ஒயரில் ஒட்டுப்போட்ட இடத்தில் டேப் சரியாகச் சுற்றியிருக்கிறதா என்றும் பார்த்துவிடு.